செகப்பு லைட்டும் மொறையா ஐயாவும்

பேசுகிற மெஷினோடு மல்லுக்கு நின்று, அதன் சார்பாக ஒரு முதலாளியையே மன்னிப்புக் கேட்க வைத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எம்.ரெட்டியபட்டியில் பருத்தியும் கம்பும் போடுகிறவர். அமெரிக்காவில் வேறு யாராவது இப்படிச் செய்திருக்கலாம். ஆனால் அவர்கள் பெரிய வக்கீலாக வைத்துச் செய்திருப்பார்கள். எங்கள் ஆளிடம் இருந்தது தோளில் ஒரு துண்டு, வாயில் ஒரே ஒரு கேள்வி.

அவருடைய நிஜப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. கடையில் நாங்கள் வைத்த பெயர் மொறையா. எதைப் பார்த்தாலும் "இது மொறையா?" என்பார். சத்தம் போட மாட்டார். கண்ணை அகல விரித்து, உலகத்தில் அநியாயம் என்று ஒன்று இருப்பதையே இப்போதுதான் முதன்முதலில் கேள்விப்பட்டவர் மாதிரி மெதுவாகக் கேட்பார். அதற்குப் பதில் சொல்கிற வரைக்கும் இடத்தை விட்டு நகர மாட்டார். அங்கேதான் சிக்கல்.

பாளையம்பட்டி ஸ்டாப்பைத் தாண்டி நிறுத்திய டவுன் பஸ் கண்டக்டரிடம், "நான் டிக்கெட்டு எடுத்தது ஸ்டாப்புக்கு, புளிய மரத்துக்கு இல்ல. இது மொறையா?" என்று கேட்டு, பஸ்ஸைப் பின்னால் எடுக்க வைத்தவர். டீக்கடையில் நுரை அடங்கும்வரை கிளாஸைக் கையால் தொடாமல் உட்கார்ந்திருந்து, பாதி கிளாஸ் காலியானதும் மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டியவர். நரிக்குடிப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு எம்.ரெட்டியபட்டிக்கு வராமலே கலைந்துபோன மேகத்தைப் பார்த்தும் அதே கேள்வியைக் கேட்டார் என்று அவருடைய ஊர்க்காரர்கள் சொல்வார்கள். மேகம் பதில் சொல்லவில்லை. அதனால் அன்று பொழுது சாய்கிறவரை வரப்பிலேயே நின்றாராம்.

நான் அப்போது அருப்புக்கோட்டையில், பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். கடையின் பெயர் வேண்டாம். சோறு போட்ட இடம். நாலு கவுண்டர், நாலு பேர். எனக்குப் பக்கத்துக் கவுண்டர் பேச்சியம்மாள். அவளும் என்னை மாதிரியே பாளையம்பட்டிக்காரி. ஒரே பஸ்ஸில் வருவோம், ஒரே டப்பாவில் இருந்து தின்போம்.

மொறையா ஐயா வாரம் ஒருமுறை வீட்டுச் சாமான் வாங்க வருவார். பில் போடும்போது போன் நம்பர் கேட்க வேண்டும் என்பது கடை விதி. கேட்டேன்.

"எதுக்குத்தா என் நம்பரு?"

"ஆஃபர் வந்தா மெசேஜ் வருங்கய்யா."

"நான் சோப்பு வாங்க வந்திருக்கேன். நீ என்ன எனக்குச் சம்பந்தியாகப் போறியா? சோப்பைக் குடு, காசைப் பிடி, அதோட ரெண்டு பேருக்கும் முடிஞ்சு போச்சு."

முடியவில்லை. அதற்குப் பிறகு எப்போதும் என் வரிசையில்தான் நிற்பார். மற்ற மூன்று கவுண்டரும் ஈ ஓட்டினாலும் சரி, என் வரிசையில் பத்துப் பேர் நின்றாலும் சரி. யாராவது இடையில் புகுந்தால் தோளைத் தொட்டு, "தம்பி, பின்னாடி நிக்கிறவுகளைப் பாத்தா மனுசங்க மாதிரி தெரியலையா?" என்பார். புகுந்தவர் கடைசிக்குப் போவார். வரிசையை ஒழுங்குபடுத்துவதற்காகவே பிறந்த மாதிரி ஒரு மனிதர். ஒன்றும் வாங்காதவர்கள்கூட அவர் வந்தால் நேராக நிற்பார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கடைக்குச் சின்ன முதலாளி மெஷின் கொண்டுவந்தார்.

பெரிய முதலாளிக்கு மூட்டுவலி வந்ததும் மகன் பொறுப்பு எடுத்துக்கொண்டார். கெட்டவர் இல்லை. ஆனால் சென்னையில் ஒரு கடையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஒரு மனிதர் சென்னையில் எதையாவது பார்த்துவிட்டு வந்தால் அருப்புக்கோட்டையில் இரண்டு பேருக்கு வேலை போகும். மூன்று மெஷின் வந்தது. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டினார்கள். அன்றைக்குச் சாயங்காலமே எங்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு, "நாளையில இருந்து வர வேணாம்மா" என்று சொல்லிவிட்டார்கள். ஒருத்தி மில்லுக்குப் போனாள். இன்னொருத்தி வீட்டில் இருந்தாள். மெஷின் வந்த அன்றைக்கே கேக் வெட்டி எல்லாருக்கும் கொடுத்தார்கள். அவர்கள் இரண்டு பேருக்கும்கூடக் கொடுத்தார்கள்.

மெஷினைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நீங்களே கூடையிலிருந்து சாமானை எடுத்து, அதிலுள்ள கோடுகளைக் கண்ணாடியில் காட்ட வேண்டும். "பீப்" என்று சத்தம் வரும். பிறகு பக்கத்துத் தட்டில் இருக்கிற பையில் போட வேண்டும். அந்தத் தட்டு ஒரு தராசு. எடை கொஞ்சம் மாறினாலும் உச்சியில் இருக்கிற கம்பத்தில் செகப்பு லைட்டு எரியும். உள்ளே இருந்து ஒரு பெண் குரல், மெத்தப் படித்த குரல், "அடையாளம் தெரியாத பொருள். ஊழியருக்காகக் காத்திருக்கவும்" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லும். உடனே ஊழியர் ஓடிப்போய் கழுத்தில் தொங்குகிற அட்டையைக் காட்டி அதைச் சமாதானப்படுத்த வேண்டும். அந்த ஊழியர் நானும் பேச்சியும். கவுண்டரில் இருந்த ஸ்டூலையும் எடுத்துவிட்டார்கள். உட்கார்ந்திருந்தால் உதவி செய்கிற மாதிரி தெரியாதாம்.

கடைக்காரன் செய்ய வேண்டிய வேலையை வாங்க வந்தவர்கள் தலையில் கட்டிவிட்டு, அதற்கு வசதி என்று பெயர் வைத்தார்கள். வாங்க வந்தவர்களின் கோபத்தை எங்கள் தலையில் கட்டிவிட்டு, அதற்கு உதவியாளர் என்று பெயர் வைத்தார்கள்.

கோபப்படாமல் என்ன செய்வார்கள்? திருச்சுழியிலிருந்து வந்த ஒரு அம்மா முருங்கைக்காயை எடை போட நின்றார். திரையில் எல்லாக் காயும் இங்கிலீஷில், தீப்பெட்டிப் படம் மாதிரி குட்டிக் குட்டியாக. மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். நீளமாகப் பச்சையாக ஒன்றைத் தொட்டார். முருங்கைக்காய் வெள்ளரிக்காயாகப் பில்லானது. பேச்சி ஓடிப்போய் மாற்றுவதற்குள், "சோத்துக்கு வந்தவளுக்கு அம்மியைக் காட்டுன மாதிரியில்ல இருக்கு" என்று சொல்லி, முருங்கைக்காயை மெஷின் தலையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அவராவது மெஷினைத் திட்டினார். மற்றவர்கள் எங்களைத்தான் திட்டினார்கள். ஏனென்றால் மெஷினுக்கு முகம் கிடையாது. அதற்குப் பக்கத்தில் முகத்தோடு நின்றது நாங்கள் இரண்டு பேர்தான்.

"சும்மா நிக்கிறதுக்கா உனக்குச் சம்பளம்?" என்பார் ஒருவர். மூன்று மெஷினும் ஒரே நேரத்தில் செகப்பாக எரிய, நான் மூன்றுக்கும் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்பார். "மெஷின் வந்ததும் உங்களுக்கெல்லாம் திமிரு ஏறிப்போச்சு" என்பார் இன்னொருவர். மெஷின் வந்து எங்களில் பாதிப்பேரைத் தின்றது அவருக்குத் தெரியாது. சொல்லவும் முடியாது. சிரிக்க வேண்டும். சிரிப்பதற்கும் தனியாக ஒரு நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

இந்த நிலைமையில்தான் மொறையா ஐயா உள்ளே வந்தார். என் கவுண்டருக்கு நேராகப் போனார். கவுண்டரில் கம்ப்யூட்டருக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"என்னத்தா, கவுண்டருக்குச் சீக்கா?"

"இனிமே இதுலதான் பில்லு போடணுங்கய்யா. நீங்களே போட்டுக்கிரலாம்."

"நானா?"

"ஆமாங்கய்யா."

மெஷின் முன்னால் போய் நின்றார். "வணக்கம். திரையைத் தொட்டுத் தொடங்கவும்" என்றது அது.

"வணக்கம்மா" என்றார். மரியாதைக்காரர்.

சோப்பை எடுத்தார், காட்டினார். பீப். "பொருளைப் பையில் வைக்கவும்" என்றது குரல். "வைக்கேன்மா, அவசரப்படாத" என்றார். கடுகு, சீரகம், சேமியா எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கடைசியில் வெயிலுக்கு வேர்த்திருக்கிறது என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்து, அந்தத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

செகப்பு லைட்டு எரிந்தது. "அடையாளம் தெரியாத பொருள். ஊழியருக்காகக் காத்திருக்கவும்."

கடையே திரும்பிப் பார்த்தது. மொறையா ஐயா துண்டைப் பார்த்தார், லைட்டைப் பார்த்தார், திரும்பவும் துண்டைப் பார்த்தார்.

"ஏத்தா, இது என்னைய என்ன சொல்லுது?"

"ஒண்ணுமில்லைங்கய்யா, துண்டு எடை..."

"அடையாளம் தெரியாத பொருளா? இது என் மகன் எடுத்துக் குடுத்த துண்டு. ஊருல எல்லாருக்கும் தெரியும். எதுக்குச் செகப்பு லைட்டு? எதையாச்சும் ஒளிச்சுக் கொண்டு போறேன்னு சொல்லுதா?"

"அப்படியில்லைங்கய்யா, எல்லாருக்கும் இப்படித்தான் எரியும்."

"எல்லாரையும் திருடன்னு சொல்லுதா? அது இன்னும் மோசமில்ல. இது மொறையா?"

அவ்வளவுதான். நான் அட்டையைக் காட்டினேன், லைட்டு அணைந்தது, குரல் நின்றது. அவர் மட்டும் நகரவில்லை. அவருக்குப் பின்னால் கூட்டம் சேர்ந்தது. சின்ன முதலாளி வந்தார்.

"ஐயா, அது மெஷின். அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாம எப்படிப் பேசுச்சு?"

"பேச வச்சிருக்கோம்."

"அப்ப பேச வச்சவுக மன்னிப்புக் கேளுங்க."

சின்ன முதலாளி சிரித்துப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். அவசரமாக, வாய்க்குள்ளேயே, "சாரிங்கய்யா" என்றார்.

"அது சொன்னது கடை பூரா கேட்டுச்சு தம்பி. நீங்க சொன்னது எனக்கே கேக்கல."

அரிசி மூட்டைப் பக்கம் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி அன்றைக்குச் சின்ன முதலாளி மன்னிப்புக் கேட்டார். மொறையா ஐயா துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மெஷினிடம் "வாரேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்மேல் அவருக்கு வருத்தம் இல்லை போல.

பேச்சி கழிவறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு வந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரம் யோசித்துவிட்டு வந்திருந்தார். நேராகச் சின்ன முதலாளியிடம் போனார்.

"தம்பி, நான் யோசிச்சுப் பாத்தேன். சாமானை நானே எடுக்கேன், நானே காட்டுறேன், நானே பையில போடுறேன். அப்ப நானும் இங்கன வேலைக்காரன்தான. வேலை செய்ய நான் பயப்படல. வேலைக்காரவுகளுக்கு உள்ளதை எனக்கும் குடுத்துருங்க. இந்தப் பிள்ளைக போட்டிருக்கிற செகப்புக் கோட்டு, டீ, உக்கார ஒரு நாற்காலி. எதுல கையெழுத்துப் போடணும்?"

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சின்ன முதலாளியும் சிரித்து, "கோட்டு வேணா தாரேங்கய்யா" என்று சொல்லிச் சமாளித்தார். மொறையா ஐயா என் பக்கம் திரும்பினார்.

"ஒங்களுக்கு டீ எத்தனை மணிக்குத்தா?"

"டீ இல்லைங்கய்யா. முன்னாடி இருந்துச்சு. இப்ப ரெண்டு பேருதான இருக்கோம், ஒருத்தி போனா மெஷினைப் பாக்க ஆள் இல்ல."

"சரி. நாற்காலி?"

"உக்காரக் கூடாதுங்கய்யா."

"எப்ப?"

"எப்பவும்தான்."

அவர் சிரிப்பு நின்றது. வேடிக்கைக்காகக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர். என் காலைப் பார்த்தார். பேச்சியின் காலைப் பார்த்தார். காலையில் கடை திறந்ததிலிருந்து நின்ற கால்கள். பேச்சிக்குக் கணுக்கால் வீங்கிச் செருப்பு வார் அழுத்தியிருந்தது. அவர் ஒன்றும் கேட்காமல் போன ஒரே நாள் அதுதான்.

மறுநாளே வந்தார். வாரத்தில் ஒருமுறை வருகிறவர் மறுநாளே வந்தார், தலையில் ஒரு செகப்புப் பிளாஸ்டிக் நாற்காலியோடு. எம்.ரெட்டியபட்டியிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்திருக்கிறார். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டாராம். அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, "இப்ப இது லக்கேஜா, என் சீட்டா?" என்று கேட்டாராம். கண்டக்டர் பதில் சொல்வதற்குள் அருப்புக்கோட்டை வந்துவிட்டது.

நாற்காலியை மெஷினுக்குப் பக்கத்தில் போட்டார். கொஞ்ச நேரம் உட்கார்ந்து காட்டினார். பிறகு எழுந்து பேச்சியிடம், "நான் ஒரு சுத்து சுத்திட்டு வாரேன்த்தா. நாற்காலியை யாரும் தூக்கிட்டுப் போயிராமப் பாத்துக்க" என்றார்.

"சரிங்கய்யா."

"நின்னுக்கிட்டுப் பாத்தா தூக்கிட்டுப் போயிருவாக. உக்காந்து பாத்துக்க."

பேச்சி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன். எனக்கு எழுத வராது.

அந்தச் சுற்று சாயங்காலம்வரை நீண்டது. நாற்காலியை எடுக்காமலே ஊருக்குப் போய்விட்டார். சின்ன முதலாளி அதைத் தூக்கிக் குடோனில் போட்டார். மொறையா ஐயா அடுத்த முறை வந்தபோது, "என் நாற்காலியைக் காணமே" என்றுகூடக் கேட்கவில்லை. ஏனென்றால் தலையில் இன்னொன்று இருந்தது. அதையும் குடோனில் போட்டார்கள். அடுத்தது நீலக் கலர். அதற்கடுத்து, கை உடைந்து கயிறு கட்டியது. சர்க்கரை மூட்டைக்கு இடமில்லாமல் குடோன்காரர் புலம்ப ஆரம்பித்தார்.

"ஐயா, எங்க கடையைக் கல்யாண மண்டபம் ஆக்கிருவீக போலயே" என்றார் சின்ன முதலாளி.

"கடையில நிக்கிற பிள்ளைகளுக்கு உக்கார இடம் குடுக்கணும்னு சட்டமே இருக்காம்ல தம்பி. சலூன்ல பேப்பர் படிச்சவுக சொன்னாக. நாற்காலிக்குத்தான் வழியில்லையோன்னு நினைச்சேன். எங்க வீட்டுல கெடக்கு."

சட்டம் இருப்பது எங்களுக்கும் தெரியும். அது வாசல்வரை வந்து, செருப்பைக் கழற்றாமல் திரும்பிப் போய்விட்டது. கடைசியில் சின்ன முதலாளி ஒரே ஒரு நாற்காலியை விட்டுவைத்தார். நானும் பேச்சியும் மாற்றி மாற்றி உட்கார்ந்தோம். இதை வெற்றி என்று சொல்ல எனக்கு இப்போதும் வாய் கூசுகிறது. உட்காருவதற்கே ஒரு மனிதர் தலையில் நாற்காலி சுமந்து வர வேண்டியிருந்ததே.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. மாசப் பிறப்பு, கூட்டம் நெரிந்தது. கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு ஒரு ஆள் வந்தான். அவன் என்றுதான் எழுதுவேன், மன்னிக்க வேண்டும். எண்ணெய்ப் பாக்கெட்டைக் காட்டினான், பையில் போட்டான், திரும்ப எடுத்தான், வேறு பையில் போட்டான். செகப்பு லைட்டு எரிந்தது. பேச்சி இன்னொரு மெஷினில் ஒரு பாட்டியம்மாவுக்கு உதவிக்கொண்டிருந்தாள். "இந்தா வாரேன் சார்" என்றாள். லைட்டு எரிந்துகொண்டே இருந்தது. குரல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தது. எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவமானம் தாங்காமல் எண்ணெய்ப் பாக்கெட்டைத் தூக்கிப் பேச்சி காலடியில் அடித்தான்.

"ஒரு மெஷினை ஒழுங்காப் பாத்துக்கத் துப்பில்ல. நீயெல்லாம் எதுக்கு நிக்கிற?"

பாக்கெட் வெடித்து, அவள் சேலை முழங்கால்வரை எண்ணெய். அதைவிடக் கேவலம் அதற்குப் பிறகு நடந்தது. ஓடிவந்த சின்ன முதலாளி அவனைப் பார்த்து, "சாரி சார்" என்றார். பேச்சியைப் பார்த்து, "ஒரு நாளைப்போல ஒன்னால இதே பிரச்சினையாப் போச்சு. நாளைல இருந்து வர வேணாம்" என்றார்.

பேச்சி குனிந்து எண்ணெயைத் துடைக்க ஆரம்பித்தாள். வேலை போன பிறகும் துடைத்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாய் வரவில்லை. எனக்கும் வீடு இருக்கிறது, வாடகை இருக்கிறது.

மொறையா ஐயா கூடையோடு கடுகு அலமாரிப் பக்கம் நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்தார். அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. மெதுவாக நடந்து என் பழைய கவுண்டருக்குப் போனார். உறை போட்ட கம்ப்யூட்டருக்கு முன்னால் கூடையை வைத்தார். துண்டைச் சரிசெய்துகொண்டு, பில் போட ஆள் இருக்கிற மாதிரி நேராகப் பார்த்து நின்றார்.

சின்ன முதலாளி போய், "ஐயா, அந்தக் கவுண்டர் மூடியாச்சு" என்றார்.

"தெரியும் தம்பி. நான் நிக்கேன்."

"ஆள் இல்லைங்கய்யா."

"ஆள் இருக்கு. அந்தா தரையைத் தொடச்சுக்கிட்டு இருக்கு. அந்தப் பிள்ள வந்து இங்கன உக்காந்து பில்லு போட்டா நான் போறேன். இல்லாட்டி நிக்கேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. காட்டுல தண்ணி இல்ல, வேலையும் இல்ல."

அந்தப் பாட்டியம்மா, பேச்சி உதவிக்கொண்டிருந்தவர், தன் பையை மெஷினில் இருந்து திரும்ப எடுத்தார். ஒவ்வொரு சாமானாக எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு, போய் மொறையா ஐயாவுக்குப் பின்னால் நின்றார். அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். அப்புறம் ஒரு புருசன் பெண்டாட்டி. புருசன் மெஷினுக்குப் போகலாம் என்று இழுத்தார். பெண்டாட்டி, "போன வாரம் எம்புட்டு நேரம் நின்னீக, மறந்து போச்சா?" என்று கேட்டதும் பின்னால் வந்துவிட்டார். ஒருவர் வரிசையைக் கேலி செய்துகொண்டே மெஷினுக்குப் போனார். செகப்பு லைட்டு எரிந்தது. உதவிக்கு வர ஆள் இல்லை, நான் நகரவில்லை. அவரும் சத்தமில்லாமல் வரிசைக்கு வந்தார். ஒரு காலேஜ் பெண் மட்டும் மெஷினில் நாலு சாமானைப் பில் போட்டு, நிமிடத்தில் முடித்துக்கொண்டு போனாள். அவளுக்கு மெஷின் நன்றாகத்தான் வேலை செய்தது. நியாயம் என்றால் அதையும் சொல்ல வேண்டும்.

வரிசை எண்ணெய் அலமாரி தாண்டி, பிஸ்கட் தாண்டி, அரிசி மூட்டைவரை போயிற்று. யாரும் கோஷம் போடவில்லை. யாரும் போட்டோ எடுத்ததாகக்கூடத் தெரியவில்லை. ஆள் இல்லாத கவுண்டர் முன்னால் ஒரு ஊரே வரிசையில் நின்றது. இடையில் புகப் பார்த்த ஒருவரை மொறையா ஐயா திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவர் கடைசிக்குப் போனார். அந்த நேரத்திலும் அவருக்கு அது முக்கியம். மூன்று மெஷினும் காலியாக நின்று, "வணக்கம். திரையைத் தொட்டுத் தொடங்கவும்" என்று யாருமில்லாத இடத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தன.

கார்ச் சாவிக்காரன் எண்ணெய் இல்லாமலே வெளியேறிவிட்டான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. இந்த மாதிரி ஆட்கள் கேட்பதில்லை. அவனை எங்கேயாவது பார்த்தால் கேட்க வேண்டும் என்று இன்றைக்கும் நாலு வார்த்தை தயாராக வைத்திருக்கிறேன்.

சின்ன முதலாளி ரொம்ப நேரம் கையைப் பிசைந்தார். வரிசையில் பாதிப்பேர் அவருடைய அப்பா காலத்து வாடிக்கை. கடைசியில் தானே போய்ப் பிளாஸ்டிக் உறையை உருவினார். கம்ப்யூட்டர் உயிர் பெற நேரமாயிற்று. "பேச்சி, வந்து பில்லு போடு" என்றார், யாரையும் பார்க்காமல்.

பேச்சி எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். ஸ்டூல் இல்லை. குடோன்காரர், யாரும் சொல்லாமலே, அந்த நீல நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். குடோனில் இடம் கிடைத்த சந்தோசமாகவும் இருக்கலாம்.

"போன் நம்பர் சொல்லுங்கய்யா" என்றாள் பேச்சி, அழுதுகொண்டே. விதி விதிதான்.

"பில்லைப் போடுத்தா" என்றார் மொறையா ஐயா.

அதற்குப் பிறகு இரண்டு கவுண்டர் திறந்தே இருந்தது. ஒன்றில் பேச்சி, ஒன்றில் நான், உட்கார்ந்தபடி. மெஷினில் ஒன்று ரிப்பேர் என்று ஓரமாகப் போனது, அதன்மேல் இப்போது துடைப்பம் சாத்தியிருக்கிறார்கள். மற்ற இரண்டும் இருக்கின்றன, வேண்டியவர்கள் போகிறார்கள். ஆனால் வேலை போன அந்த இரண்டு பேரையும் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. மில்லுக்குப் போனவள் பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டு இருக்கிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் அடங்க மாட்டேன் என்கிறது. கதை நல்லபடியாக முடிந்தது என்று அவளிடம் போய்ச் சொல்ல என்னால் முடியாது.

மொறையா ஐயா வழக்கம்போல வந்தார். என் வரிசையில் நின்றார். சோப்பையும் கடலை மிட்டாயையும் ஒரே பையில் போட்டதற்கு என்னிடம் சண்டை போட்டார். செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நாங்கள் நன்றி சொல்லப் போனால், "பில்லுல ஒரு பிஸ்கட்டு கூட வந்திருக்கா பாரு" என்று பேச்சை மாற்றுவார்.

ஐப்பசியில் ஒருநாள், மழை பிடித்திருந்த நேரம், வந்தார். என் வரிசையில் நல்ல கூட்டம். பேச்சி கவுண்டரில் ஆளே இல்லை. அவர் என் வரிசையின் கடைசியில் போய் நின்றார். முறை வந்ததும் கூடையைப் பார்த்தேன். ஒரே ஒரு தீப்பெட்டி.

"வீட்டுக்கு வேற ஒண்ணும் வேணாமாங்கய்யா?"

"வீட்டைப் பூட்டியாச்சுத்தா. காட்டைக் குத்தகைக்கு விட்டாச்சு. திருப்பூருல மக வீட்டுக்குப் போறோம். அவ அம்மாவுக்கும் முடியல. இனிமே அங்கனதான்."

"அப்ப தீப்பெட்டி எதுக்குங்கய்யா?" என்றேன்.

துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"வெறுங்கையோட வந்து நின்னா, ஒன்னையப் பாக்க வந்த மாதிரி இருக்கும்ல."

பின்னால் ஆட்கள் நின்றார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்தத் தீப்பெட்டிக்கு என்னால் முடிந்த அளவு மெதுவாகப் பில் போட்டேன்.